நாலாம் எண்

விசிறியின் குமிழ் நாலில் நின்று
மூன்று மாதம் ஆயிற்று.
எண்பத்தாறாம் வருடத்து ஷெவி பிக்கப்.
நாலில் வைத்தால்தான் முன்கண்ணாடியில்
ஒரு சாப்பாட்டுத் தட்டளவு பனி விலகும்.
மற்றபடி அது ஊதுவது
காய்ச்சல் விட்டவன் மூச்சு.

அந்த இரைச்சலில்
ஆரினும் நானும் பேசிக்கொள்ளவில்லை.
பேசினாலும் கேட்காது.
இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

டவ்னரிலிருந்து தானியக் கிடங்குக்கு
முப்பத்தொரு மைல்.
தம்பியின் வண்டி வங்கிக்குப் போனபின்
இருவருக்கும் இது ஒன்றுதான்.
கிழக்கு வயலின் விற்பனைப் பத்திரத்தில்
நான் கையெழுத்துப் போட்ட அக்டோபரிலிருந்து
அவன் சன்னல் பக்கமே பார்த்து வருகிறான்.
சன்னல் உட்புறம் உறைந்திருக்கும்.
நகத்தால் காசளவு சுரண்டி
அதன் வழியே வடக்கு டகோட்டாவைப் பார்ப்பான்.

ஜனவரியில் மைனஸ் இருபத்தெட்டு.
ரேடியேட்டருக்கு முன்னால் பீட்சா அட்டையைச் செருகினேன்.
கதவிடுக்கில் பழைய கம்பளிக் காலுறைகள்.
உதிரிபாகக் கடை லவோன்
மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னாள்:
"முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்று.
பதினோரு டாலர். அழாதே."

கழற்றிப் பார்த்தால்
வாய் திறந்தபடியே செத்திருந்தது.
எங்கள் வீட்டில்
வாய் மூடாதது அது ஒன்றுதான்.

புதியதைப் போட்டேன். முள் ஏறியது.
கால்விரல்களுக்குத்தான் சேதி போகவில்லை.

"இரண்டு ஹீட்டர் ஹோஸையும் தொட்டாயா?"
தொட்டேன்.
உள்ளே போவது கையைச் சுட்டது.
திரும்பி வருவது வெதுவெதுப்பு.
நடுவில் எதுவோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்றாள் லவோன்,
வண்டியைப் பற்றி மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில்
மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றிவிட்டு
சமையலறைக் குழாயிலிருந்து
தோட்டத்து ஹோஸை இழுத்துவந்தேன்.
நான் கூப்பிடவில்லை.
ஆரின் வந்தான். வாளியைப் பிடித்தான்.
பூனையைக் காலால் தள்ளி
பழைய கூலன்ட்டின் மேல் பலகை வைத்து மூடினான்.

போன வழியே போனால் அடைப்பு இன்னும் இறுகும்.
வருகிற வாயில் தண்ணீரைக் கொடுத்து
எதிர்த்திசையில் தள்ளவேண்டும்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஓர் இருமல்.
பிறகு தேநீர் நிறத்தில் மூன்று வாளி,
துருச் செதில்,
அப்புறம் சாம்பல் நிறத்தில் ஏதோ மினுமினுப்பு.

ஆரின் அதை விரலிடுக்கில் தேய்த்து
என் முன் நீட்டினான்.
ஒழுக்கை அடைக்கிற பொடி.
அப்பா ஒவ்வொரு இலையுதிர்காலமும் ஊற்றுவார்.
எங்கே ஒழுகுகிறது என்று
ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

தண்ணீர் தெளிந்தது.
மேட்டில் முகம் தூக்கி வண்டியை நிறுத்தி
மூடியைத் திறந்து ஓடவிட்டோம்.
சிக்கிய காற்று
ஏப்பம் ஏப்பமாக வெளியேறியது.
அரைமணி நேரம்
இருவரும் அந்தத் துளைக்குள்ளேயே பார்த்தோம்.

திங்கள் காலை.
நாலாவது மைலில் கையுறையைக் கழற்றினேன்.
ஏழாவதில் அவன் தொப்பி மடிக்கு வந்தது.
முழங்காலில் உண்மையான சூடு,
மாடு மூச்சு விட்டாற்போல.

ஆரின் கைநீட்டி
குமிழை மூன்றுக்கு, இரண்டுக்கு,
ஒன்றுக்குத் திருப்பினான்.

அப்போது கேட்டது
டாஷ்போர்டுக்குள் உருளும் ஒரு நட்டு,
பனியை அரைக்கும் டயர்,
அவன் மூக்கின் சின்ன விசில்.
பத்து வயதில் நான் உடைத்த மூக்கு.

அவன் பக்கத்துக் கண்ணாடியில்
காசளவு ஓட்டை பெரிதாகி
உறைபனி ஒரே ஏடாக வழுக்கி விழுந்தது.
ரயில் பாதையைத் தாண்டியதும்
கிழக்கு வயல் முழுசாக நின்றது,
வேறொருவன் வேலிக்குள்.

"எவ்வளவு கொடுத்தான்?"

சொன்னேன்.

"கம்மி."

"கம்மிதான்."

ஒரு மைல் போயிற்று.
இரண்டாவது மைலில்
பூட்ஸை ஒதுக்கிக்கொண்டு,
"கால் சுடுது" என்றான்.

நெம்பியை நீலப் பக்கமாக
ஒரு விரல்கடை தள்ளினேன்.
விசிறி ஒன்றிலேயே இருந்தது.